முகத்துக்கு 15 நாள் போதுமா?

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரு விதி உண்டு. மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பிறகு 15 நாளுக்கான மருந்து, பரிசோதனைச் செலவும் சிகிச்சைக் கட்டணத்துக்குள் அடங்கும். தமிழ்நாட்டில் இது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடல்வால் எடுத்தவருக்கு இந்த 15 நாள் தாராளம். மேல்தாடையில் பாதியை வெட்டி எடுத்தவருக்கு? பதினைந்தாம் நாளில் அவர் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்துகொண்டிருக்கும். அவர் பேசுவது வீட்டாருக்கே சரியாக விளங்காது. மருத்துவமனைப் பதிவேட்டில் மட்டும் அவர் குணமடைந்து வீடு திரும்பியவர்.

அறுவை சிகிச்சை செய்கிற திறமையில் நமக்குக் குறைவில்லை. அதற்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடும் ஓரளவு வந்துவிட்டது. முகத்திலும் மூக்கிலும் கத்தி பட்ட ஒருவர் அதன் பிறகு எப்படிச் சாப்பிடுகிறார், பேசுகிறார், தூங்குகிறார், வேலைக்குப் போகிறார் என்று கேட்பதற்குத்தான் நம் அமைப்பில் ஆளும் இல்லை, காசும் இல்லை. 2021-ல் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கொரோனா இரண்டாம் அலையின் பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, நாடு முழுக்க 45,000-க்கு மேற்பட்டோருக்கு அந்த நோய். இறந்தவர்கள் 4,300-க்கு மேல். அன்று நாளிதழ்களில் ஆம்போடெரிசின் மருந்துத் தட்டுப்பாடு தினமும் செய்தியாக இருந்தது. மருந்து வந்தது, அலை ஓய்ந்தது, செய்தியும் நின்றது. இறந்தவர்களைக் கழித்தால் மிஞ்சும் நாற்பதாயிரம் பேரைப் பற்றி அதன்பின் எவ்வளவு படித்திருப்போம்?

அவர்களில் பலருக்கு ஏன் அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பூஞ்சை ரத்தக் குழாய்க்குள் புகுந்து அதை அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். பெயர் வந்தது அதனால்தான். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. ஆகவே, செத்த பகுதியை அகற்றி, ரத்தம் கசியும் நல்ல சதை தெரியும்வரை மருத்துவர் வெட்டிக்கொண்டே போக வேண்டும். சைனஸ் அறைகளில் தொடங்குவது அண்ணத்துக்கும் மேல்வரிசைப் பற்களுக்கும் இறங்கும், கண்குழிக்கும் ஏறும். உயிர் பிழைக்க மேல்தாடையைக் கொடுத்தவர்கள் உண்டு, கண்ணைக் கொடுத்தவர்களும் உண்டு. வேறு வழி இருக்கவில்லை. அந்த நாள்களில் இரவு பகல் பாராமல் அறுவை அரங்கில் நின்ற அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டை மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அண்ணம் போனால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லை என்று பொருள். ரசம் சாதத்தை விழுங்கினால் பாதி மேலே ஏறும். பருக்கைகள் குழிக்குள் தங்கி நாற்றமெடுக்கும். வாயில் காற்றை அடக்கி வெடிக்கவிட்டுச் சொல்லும் எழுத்துகள் எல்லாம் மூக்கு வழியே நழுவிவிடும். ‘அப்பா’ என்று கூப்பிட்டால் ‘அம்மா’ என்று கேட்கும். கல்யாணப் பந்தியில் உட்கார மனம் வராது. உறவினர் வீட்டுக்குப் போனால் ‘இப்பதான் சாப்பிட்டு வந்தேன்’ என்பார்கள். நாளடைவில் போவதே நின்றுவிடும்.

இதற்கு மாற்று இருக்கிறது, அதுவும் புதிதல்ல. 16-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே எழுதிவைத்த ஒன்று அது: அண்ணத்து ஓட்டையை மூடும் தகடு. மருத்துவர்கள் ஆப்டுரேட்டர் என்பார்கள். நோயாளிகளுக்கு அது பல்செட்தான். சாதாரண பல்செட்டோடு மேலே ஒரு குமிழ் சேர்ந்திருக்கும். அந்தக் குமிழ் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கனம் குறைய உள்ளே கூடாகச் செய்வார்கள். சரியாகப் பொருந்திவிட்டால், அதை மாட்டிய சில நிமிடங்களில் பேச்சு திரும்பிவிடும். மாதக்கணக்கில் வாயே திறக்காத ஒருவர் சட்டென்று தெளிவாகப் பேசத் தொடங்குவதை நேரில் பார்க்கும் வீட்டார், இது ஏன் முதலிலேயே கிடைக்கவில்லை என்றுதான் கேட்பார்கள்.

ஏன் கிடைப்பதில்லை? ஒரு தகடு போதாது என்பது முதல் காரணம். அறுவை அரங்கிலேயே ஒன்று வைக்க வேண்டும். குழியில் அடைத்த பஞ்சை எடுத்த பிறகு, புண் ஆறும்வரை இடைக்காலத்துக்கு ஒன்று. குழி சுருங்கி ஒரு நிலைக்கு வர மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதன் பிறகுதான் நிரந்தரத் தகடு. நடுவில் குழி சுருங்கச் சுருங்க, தகட்டின் உட்புறத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தரத் தகடும் சில ஆண்டுகளில் தேயும். மேல்வரிசையில் ஒரு பல்லும் மிஞ்சாதவருக்குத் தகடு எதைப் பிடித்து நிற்கும்? கன்ன எலும்பில் நீண்ட திருகு பதித்து அதில் பல்லைப் பொருத்தும் முறை இருக்கிறது. தனியாரிடம் அது லட்சக்கணக்கில் ஆகும் வேலை. இவை எல்லாம் 15 நாளுக்கு அப்பால் நடப்பவை. செய்பவரும் வேறு துறை: பல் மருத்துவத்தில் செயற்கை உறுப்புப் பொருத்தும் நிபுணர். அரசு பல் மருத்துவக் கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். தேனியிலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ ஒருவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டும். இரண்டு முறை போவார்கள். மூன்றாம் முறை தகட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத் துணியால் வாயை மூடிக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருப்புப் பூஞ்சை வந்தவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள். மெல்ல முடியாத அவர்களுக்கு வீட்டில் அன்போடு கொடுப்பது கஞ்சி, கூழ், ஜூஸ், பாலில் ஊறிய பிஸ்கட். ஒவ்வொன்றும் சர்க்கரையை ஏற்றும். எந்தச் சர்க்கரை பூஞ்சைக்கு வழிவிட்டதோ அதே சர்க்கரை புண் ஆறுவதையும் கெடுக்கும். குழைத்த பருப்பு, முட்டை, மோர், அரைத்த கீரை என்று ஒரு தாளில் எழுதிக்கொடுக்க உணவு ஆலோசகர் ஒருவர் போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைப் பெயர்கள் இருக்கும், இது இருக்காது.

கண்ணை இழந்தவர்களுக்கு சிலிக்கானில் கண்ணும் இமையும் செய்து பொருத்துகிறார்கள். மூக்கை இழந்தவர்களுக்கு மூக்கும். நல்ல கலைஞர் செய்தால் இரண்டடி தூரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால், நம் ஊர் வெயிலில் அதன் நிறம் ஓரிரு ஆண்டுகளில் மாறிவிடும், ஓரம் கிழியும். வியர்வையில் பசை நிற்காது. ஆக, அதுவும் ஒருமுறை வாங்கி முடிந்துபோகும் பொருள் அல்ல.

பூஞ்சை அரிதான நோய், அதை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று கேட்கலாம். சரி, தினமும் நடப்பதைப் பார்ப்போம். இருசக்கர வாகன விபத்தில் தாடை உடைந்து வருபவர் இல்லாத அரசு மருத்துவமனை தமிழ்நாட்டில் கிடையாது. மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் சேர்த்துக் கம்பி கட்டினால் நான்கு முதல் ஆறு வாரம் வாய் திறக்காது. அத்தனை நாளும் உறிஞ்சு குழல்தான். கம்பியை அவிழ்த்த பிறகும் தாடை இறுகியிருக்கும். ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாரம் ஒரு குச்சி கூட்டி, வாயைத் திறக்கப் பழக வேண்டும். புகையிலையால் கன்னத்தில் புற்று வந்து அறுவையும் கதிர்வீச்சும் முடித்தவருக்கும் இதே பயிற்சிதான், இன்னும் நெடுநாள். செலவில்லாத வைத்தியம். விடாமல் செய்யவைக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வாரம் ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்காவிட்டால் வலிக்குப் பயந்து விட்டுவிடுவார்கள். அதன்பின் ஒரு விரல் அளவுக்குத் திறக்கும் வாயோடு வாழ்க்கை.

மூக்குத் தண்டு வளைவுக்கும் சைனஸுக்கும் செய்யும் எண்டோஸ்கோபி அறுவை இதையெல்லாம்விட எளிது. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆனால், எளிது என்ற எண்ணமே அங்கே எதிரி. உள்ளே பொருக்கு கட்டும். வாரக்கணக்கில் உப்புநீரால் கழுவ வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது, காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். அசுத்த நீரிலிருக்கும் அமீபா மூக்கு வழியே மூளைக்கு ஏறி உயிரையே எடுத்துவிடும். சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்குப்பொடி பழக்கம் இருந்தால் அதோடு போச்சு. தண்டை நிமிர்த்தியவர்களில் சிலருக்கு மேல் முன்பற்கள் கொஞ்ச காலம் மரத்திருக்கும். முன்கூட்டிச் சொன்னால் ‘சரி’ என்று இருந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால், பல்லுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

சதை வளரும் வகை சைனஸ் நோய்க்கு அறுவை தீர்வே அல்ல. அது மருந்து உள்ளே போவதற்கு வழியைத் திறந்துவிடும் வேலை. கழுவுவதையும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் நிறுத்தினால் சதை மறுபடி வளரும். ‘ஆபரேஷன் பண்ணியும் திரும்ப வந்துடுச்சு, டாக்டர் சரியில்லை’ என்ற புகாரில் பாதி இங்கே பிறப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சைனஸ் அறுவை செய்துகொண்ட 3,128 பேரை ஒரு தேசியத் தணிக்கை ஐந்தாண்டு தொடர்ந்து விசாரித்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மறு அறுவைக்கு வந்திருந்தார். அங்கும் திரும்ப வருகிறது. வித்தியாசம், அவர்களிடம் கணக்கு இருக்கிறது. நோயாளியிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிட முடிகிறது.

அந்தத் தணிக்கைக்கு அவர்கள் பயன்படுத்திய கருவி ஒரே ஒரு தாள். ஸ்நாட்-22 என்று பெயர். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மூக்கடைப்பு, சளி என்று தொடங்கும் பட்டியல் மெல்ல வேறு பக்கம் திரும்பும்: இரவில் விழித்துக்கொள்கிறீர்களா, எழும்போதே களைப்பா, வேலையில் கவனம் குறைகிறதா, வருத்தமாக இருக்கிறதா, கூச்சமாக இருக்கிறதா. மொத்தம் 110. அறுவைக்குப் பின் ஏறக்குறைய 9 புள்ளியாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிறது என்று கணித்திருக்கிறார்கள். ஸ்கேனில் சைனஸ் பளிச்சென்று இருந்து, இந்தத் தாளில் எண் குறையவில்லை என்றால், எதை வெற்றி என்பது? நான் தாளை நம்புகிறவன். தூங்குவது ஸ்கேன் படம் அல்ல, மனிதர்.

வாசனை பற்றிய கேள்வியும் அந்தத் தாளில் உண்டு. சைனஸ் முற்றியவர்களுக்கும் முக அறுவை செய்துகொண்ட பலருக்கும் முகரும் திறன் குறைகிறது, சிலருக்குப் போயே விடுகிறது. இதை ஒரு குறையாகவே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. தாளிப்பு தீய்வது தெரியாது, பால் திரிந்தது தெரியாது, கேஸ் கசிவது தெரியாது. சமையலறையில் தனியாக நிற்கும் பெண்ணுக்குக் கடைசியாகச் சொன்னது ஆபத்து. கேஸ் கசிந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றை வாங்கி மாட்டச் சொல்லலாமே. எத்தனை புறநோயாளி அறைகளில் சொல்கிறார்கள்?

அழகுக்காக மூக்கைத் திருத்திக்கொள்கிறவர்கள் தனி ரகம். அவர்களைக் கேலி செய்வது சுலபம், எனக்கு அதில் விருப்பமில்லை. மூக்கு நுனியின் வீக்கம் முழுமையாக வடிய ஓராண்டு வரை ஆகும் என்பதை மட்டும் காசு கட்டுவதற்கு முன் அவர்களுக்கு உரக்கச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாரத்தில் செல்போனில் எடுத்த படத்தைப் பார்த்து அழுகிறவர்கள் அதிகம்.

இந்த ‘அறுவைக்குப் பிறகு’ என்ற பகுதியை அறுவையின் அங்கமாகவே நடத்திக் காட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக ஹெரால்டு கில்லீஸ் 1917-ல் லண்டனுக்கு அருகே சிட்கப்பில் ஒரு மருத்துவமனையைக் கட்டி நடத்தினார். 5,000-க்கு மேற்பட்ட வீரர்கள், 11,000-க்கு மேற்பட்ட அறுவைகள்; நவீன ஒட்டறுவை அங்கேதான் வளர்ந்தது. ஆனால், மருத்துவமனைக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் முகம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஊராருக்கு எச்சரிக்கை. உதவி என்று நினைத்துச் செய்ததுதான்.

அடுத்த போரில் கில்லீஸின் உறவினரான ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் நேர் எதிராகச் செய்தார். அவரிடம் வந்தவர்கள் எரியும் விமானத்திலிருந்து தப்பிய இளைஞர்கள். முகமும் கையும் வெந்தவர்கள். நோயாளிகளுக்கான நீலச் சீருடையைக் கழற்றச் சொல்லி அவரவர் ராணுவ உடையை அணியவிட்டார். வார்டில் பீர் பீப்பாய் இருந்தது. ஊர் மக்களிடம் பேசி, இவர்களை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், சினிமாவுக்கு வந்தால் முறைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். முறைத்துப் பார்க்காத ஊர் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. விமானப்படையில் அன்று 90 நாள் விதி ஒன்று இருந்தது. அதற்குள் பணிக்குத் திரும்ப முடியாதவரை ஓய்வூதியம் கொடுத்து வெளியே அனுப்பிவிடலாம். மெக்கிண்டோ அந்த விதியோடு மல்லுக்கட்டி அதைத் தளர்த்தவைத்தார். வெந்த முகம் 90 நாளில் முடிகிற வேலை அல்ல, 30 அறுவை வரை போகும் என்பது அவர் வாதம். நம் 15 நாளை நினைக்கும்போது இந்த 90 நாள் சண்டைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

1941-ல் அந்த நோயாளிகள் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். சோதனை எலிகள் என்று சொல்வதுபோல் கினி பன்றிச் சங்கம் என்று பெயர். போர் முடிகையில் 649 உறுப்பினர்கள். கால் வெந்தவரைப் பொருளாளர் ஆக்கினார்கள், பணத்தை எடுத்துக்கொண்டு ஓட முடியாது என்பதால். விரல் வெந்தவர் செயலாளர். அதிகம் எழுதித் தொல்லை தரமாட்டார். மனநல ஆலோசனை என்ற சொல்லே பரவாத காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் தூக்கி நிறுத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், வேலூரிலேயே நடந்திருக்கிறது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1940-களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். உள்வாங்கிய மூக்கை எழுப்பினார்கள். உதிர்ந்த புருவத்துக்குத் தலைமுடித் தோலை ஒட்டினார்கள். தலைமுடி ஆனதால் அது நீளமாக வளரும், கத்தரிக்க வேண்டும். ஆசை தீர வளர்த்துக்கொண்டு கத்தரிக்க மறுத்தவர்கள் இருந்தார்களாம். ஆனால் நிமிர்ந்த விரலோடு வெளியே போனவர்களுக்குப் பிச்சை குறைந்தது, வேலையும் யாரும் தரவில்லை. இதைக் கண்டபின் பிராண்ட் அறுவையோடு நிற்கவில்லை. 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே புதுவாழ்வு மையம் ஒன்றைத் தொடங்கி, அவர்களைத் தங்கவைத்துத் தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். ஆறிய கை ஒரு தொழிலைப் பிடிக்கும்வரை சிகிச்சை முடியவில்லை என்பது அந்த மருத்துவமனையின் அன்றைய கணக்கு.

இன்று அதைச் செய்ய நமக்குப் புதிதாகக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. கருப்புப் பூஞ்சை பரவிய அதே 2021-ல், ஆகஸ்ட் 5 அன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். பக்கவாதம் வந்தவருக்குக் கை கால் பயிற்சி தரும் அவருக்கு, வாய் திறக்கும் பயிற்சியையும் விழுங்கும் பயிற்சியையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க ஒரு வாரப் பயிற்சி வகுப்பு போதும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். புதிய தகடு செய்யத் தெரியாவிட்டாலும் பழைய தகட்டைத் திருத்த அவர்களால் முடியும். காப்பீட்டில், மேல்தாடை அறுவைக்கு ஒப்புதல் தரும்போதே மூன்று தகடுகளுக்கும் ஓராண்டுத் திருத்தத்துக்கும் சேர்த்து ஒப்புதல் தந்துவிடலாம். அப்போது மருத்துவமனைக்கும் நோயாளியைத் திரும்ப அழைக்க ஒரு காரணம் இருக்கும்.

கடைசியாகச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. ஆசிட் வீச்சால் முகம் சிதைந்தவர்கள் அதில் ஒரு தனி வகை, நியாயமானது. பூஞ்சையாலோ புற்றுநோயாலோ லாரி மோதியோ முகத்தை இழந்தவருக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. ஒரு கண் முழுதாகப் போய் மற்றது நன்றாக இருந்தால், அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலின்படி பார்வைக் குறைபாடு 30 சதவீதம். வேலை இடஒதுக்கீடு உள்ளிட்ட சலுகைகளுக்கு 40 வேண்டும். கண்குழியைத் துணியால் மறைத்துக்கொண்டு நேர்காணலுக்கு வருபவரை எந்தக் கடை முதலாளி வேலைக்கு எடுத்துக்கொள்வார் என்று அந்த 30 கேட்பதில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் கடுமையான முகச் சிதைவை, அது எதனால் வந்தது என்று பாராமல், உடல் குறைபாடாகவே கருதுகிறது. நம் சட்டத்திலும் அதற்கு வாசல் இருக்கிறது: மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலே பட்டியலில் புதிய வகையைச் சேர்க்கலாம் என்று அட்டவணையின் கடைசி வரி சொல்கிறது. அதற்கு நாடாளுமன்றம்கூடக் கூட வேண்டியதில்லை.